மணித்தியாலத்துக்கு அறுநூறு

தண்டவாளத்தைக் கடந்தால் கல்கிசைக் கடல்.
இருபக்கமும் பார்த்துக் கடக்கச் சொல்லி
மூன்று மொழியில் ஒரு பலகை;
அதன்மேல் யாரோ ஈரச் சாரத்தைக் காயப்போட்டிருக்கிறார்கள்.
பாணந்துறைக் கோச்சி ஊதிக்கொண்டு போகும்வரை
ரப்பர் டியூப், சோளப்பொத்தி, கைக்குழந்தை சகிதம்
பாதிக் கொழும்பு சரளைக்கல்லில் நிற்கிறது.
ஞாயிற்றுக்கிழமை. சித்திரைக் கடைசி.
இன்னும் இரண்டு கிழமையில் கடல் மூர்க்கமாகிவிடும்.
அதற்குள் ஆடித் தீர்க்க எல்லாருக்கும் அவசரம்.

நிஃமத்தின் கடை என்பது ஒரு தென்னை,
அதில் சாத்திய பதினொரு பலகைகள்,
ஒரு பிஸ்கட் தகரம்.
மணித்தியாலத்துக்கு அறுநூறு. பிணைக்கு அடையாள அட்டை.
"போன் வேணாம் மிஸ். போனை விட்டுட்டுக்கூட ஓடிடுவாங்க.
ஐசியை விட்டுட்டு ஒருத்தரும் ஓட மாட்டாங்க."

முதல் தடவை அதைத் தகரத்துக்குள் போட
விரல் ஒப்பவில்லை.
முக்குக் கடையில் பாண் வாங்கப் போனாலும்
சட்டைக்குள் செருகிக்கொண்டு போன வயதொன்று இருந்தது எனக்கு.
குளிக்கப் போனால் கதவில் தொங்கும் பையில்.
இரவில் தலையணைக்குக் கீழே.
பிறந்த இடம் என்ற வரியில்
எத்தனை டோர்ச் வெளிச்சம் நின்றிருக்கும்.
தகரம் 'டங்' என்றது.
அவ்வளவுதான்.

இன்றைக்குக் கிடைத்த பலகை நீலம்.
ஓரத்தை எதுவோ கடித்திருக்கிறது.
மீனில்லை, நாய் என்கிறான்.
கயிற்றை மணிக்கட்டில் மாட்டி இடுப்பளவில் நிற்கிறேன்,
தம்பியின் பழைய கிரிக்கெட் ரீசேர்ட்டோடு,
நாற்பத்தேழு வயதோடு.

இங்கே எழுந்து நின்று அலையேறுகிறவர்கள் குறைவு.
அலை குட்டை. கிட்ட வந்து
சொல்லாமல் முறியும்.
இது குப்புறப் படுக்கிறவர்களின் கடல்.
மீன்பெட்டி மூடியோடு ஒரு பொடியன்,
ரிஜிபோம் துகள் அவன் நெஞ்செல்லாம்.
ஒரே பலகையில் அபாயாவோடு அக்காவும் தங்கையும்,
சிரிப்பில் இருவருமே கவிழ்கிறார்கள்.
கண்ணாடியைத் தலையோடு கட்டிய ஒருவர்,
கட்டாயம் வங்கி மேனேஜர்,
அலை வரமுன்பே காலை உதைத்துக் களைக்கிறார்.

"எனவா, எனவா!" என்கிறான் பொடியன்.
வருது, வருது என்று நானும் கத்துகிறேன்.
முதுகுக்குப் பின்னால் தண்ணீர்
மூச்சை உள்ளிழுக்கிற சத்தம்.
உதை. இன்னொரு உதை.
பிறகு நான் உதைக்கவில்லை,
அடிவயிற்றைப் பிடித்துக் கடல் தள்ளுகிறது.
நான்கு செக்கன், ஐந்தாகவும் இருக்கலாம்,
கரை முழுக்கப் பெரிதாகிப் பெரிதாகி
கல்யாணப் படம் எடுக்க வந்த சோடியின்
வெள்ளைக் கவுண் ஓரத்தில் போய் முட்டி நிற்கிறேன்.
வாய் நிறைய மண்.
மணப்பெண் என்னைத் திட்டவில்லை,
"எவ்வளவு வாடகை?" என்று கேட்கிறாள்.

விசில். சிவப்புக் கொடி.
தெகிவளைப் பக்கம் இழுவை கூடிவிட்டதாம்.
எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார்கள்,
பரீட்சைத்தாளைப் பாதியில் பறிகொடுத்தவர்களைப் போல.

தென்னையடியில் நெரிசல். நிஃமத் அள்ளிக் கொடுத்த அட்டையில்
யாரோ ஒரு பெண்; மாத்தறை;
இலக்கம் எழுபத்தெட்டில் தொடங்குகிறது, என்னுடையதைப் போலவே.
தேடினால், மூன்று ஆள் தள்ளி
முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
என் முகத்தைப் படித்துக்கொண்டு நிற்கிறாள்.
பதினேழு வயது முகம்.
ஸ்டூடியோப் படியேறும்போது
அழுத்தித் துடைத்த பொட்டின் இடம்
நெற்றியில் கொஞ்சம் வெளிறியிருக்கும்,
தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

மாற்றிக்கொண்டோம்.
"இதில் சரியான கோபமாக இருக்கிறீங்களே"
என்றாள் சிங்களத்தில், சிரித்தபடி.
வெயில், என்றேன்.
அன்றைக்குச் சரியான வெயில்.

இருபது நிமிடம் மிச்சம் என்று
நிஃமத் இருநூறு திருப்பித் தந்தான்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும்
காதுக்குள் கடல் புரண்டுகொண்டு வந்தது.
அட்டையின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் பிரிந்து
தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.
ஊதினேன். பிறகு விட்டுவிட்டேன்.